கழிவுநீர்ச் செடிப்படுகையும் நைட்ரஜனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு, விடுதி, சின்னப் பள்ளிக்கூடம் என்று ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்டு கழிவுநீர்ப் படுகை கட்டுகிற வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். போன இடமெல்லாம் கேட்பவர்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதிலும் நைட்ரஜன் என்று வந்துவிட்டால் என்ஜினீயர், மேஸ்திரி, வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வருபவை முன்னால் சொன்னதை வைத்துத்தான் ஓடுகின்றன.

செடிப்படுகைன்னா தொட்டியில செடி வைக்கிறதுதானே, இதுல என்ன பெரிய விஷயம்?

பார்க்க அப்படித்தான் இருக்கும். கசியாத தொட்டி, அதில் இரண்டு மூன்றடி ஆழத்துக்கு ஜல்லியோ மணலோ, மேலே கல்வாழை, சம்பு, நாணல் போல ஈரம் தாங்குகிற செடி. செப்டிக் டேங்கிலிருந்து வரும் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, ஜல்லிக்குள்ளேயே ஊர்ந்து, மறுமுனையில் வெளியே வந்தால் அது கிடைப்படுகை. இதில் ஜல்லி எப்போதும் தண்ணீரில் மூழ்கியே இருக்கும். மேலே பரவலாக ஊற்றி, மணல் வழியாகக் கீழே வடியவிட்டு, அடுத்த முறை ஊற்றும் வரை காயவிட்டால் அது செங்குத்துப் படுகை. இந்த இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள், கடைசி வரை வரும்.

ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் 1950-களில் கோரைச் செடிகளை வைத்துக் கழிவுநீரில் சோதனை செய்ததில் இருந்து இது தொடங்குகிறது. 1974-ல் ஓட்ஃப்ரேசன் என்ற ஊரில் முழு அளவிலான கிடைப்படுகை ஓட ஆரம்பித்தது. நம் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆரோவில் போங்கள், பல குடியிருப்புகளில் இருக்கிறது.

கழிவுநீர்ல நைட்ரஜன் எப்படி வருது? நாங்க உரம் எதுவும் போடலையே?

சாப்பாட்டில் இருந்துதான். புரதத்தின் எடையில் 16 சதவீதம் நைட்ரஜன். நாளுக்கு 60 கிராம் புரதம் சாப்பிடுகிறவர் 10 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நைட்ரஜன் உள்ளே தள்ளுகிறார். வளர்ந்த ஆளின் உடம்பு அதைச் சேர்த்து வைப்பதில்லை, அத்தனையும் வெளியே வந்துவிடும், பெரும்பகுதி சிறுநீரில்.

ஐந்து பேர் உள்ள வீடு என்றால் நாளுக்கு 50 கிராம், வருடத்துக்கு 18 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இது 40 கிலோ யூரியாவுக்குச் சமம். கடையில் விற்கிற மூட்டை 45 கிலோ. அதாவது ஒரு சின்னக் குடும்பம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவை ஃபிளஷ் செய்கிறது. இதைச் சொன்னதும்தான் பலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்கள்.

அது இருந்துட்டுப் போகட்டுமே, எடுத்தே ஆகணுமா?

தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. ஏரி, குளத்துக்குப் போனால் அம்மோனியா மீனைக் கொல்லும், பாசியும் ஆகாயத்தாமரையும் ஏறும். நிலத்துக்குள் போனால் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்குப் போகும். மண் துகள் அம்மோனியத்தை (அம்மோனியா தண்ணீரில் கரைந்து நிற்கும் உருவம்) பிடித்து வைக்கும், ஆனால் நைட்ரேட்டைப் பிடிக்காது, அது தண்ணீரோடு அப்படியே இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடம்பு நீலம் பாயும். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும்.

செடிதானே நைட்ரஜனை உறிஞ்சுது? அப்ப நிறைய செடி வெச்சா போதாதா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் வீட்டுக்கு 15 சதுர மீட்டர் படுகை. நன்றாக வளர்ந்த செடி சதுர மீட்டருக்கு வருடம் 2 கிலோ உலர் எடை கொடுத்து, அதில் 2 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால் 40 கிராம். 15 சதுர மீட்டருக்கு 600 கிராம். வருவதோ 18 கிலோ. மூன்று சதவீதம்தான் கணக்கில் வருகிறது. நம் வெயிலுக்கு செடி வேகமாக வளரும், வருடத்துக்கு மூன்று முறை வெட்டலாம் என்றாலும் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும்.

அதுவும் வெட்டி வெளியே கொண்டுபோனால்தான். வெட்டாமல் விட்டால் இலை காய்ந்து அங்கேயே விழுந்து மக்கி, எடுத்த நைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்துவிடும். வெட்டிய கல்வாழையைப் படுகை ஓரத்திலேயே குவித்து வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்ப யார்தான் எடுக்கறா?

பாக்டீரியா, அதுவும் தொடர் ஓட்டம் மாதிரி. சிறுநீரில் இருக்கும் யூரியா குழாயிலும் செப்டிக் டேங்கிலும் உடைந்து அம்மோனியம் ஆகிவிடும், இதற்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்து, காற்று உள்ள இடத்தில் ஒரு கூட்டம் அம்மோனியத்தை நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்கும். அதற்கடுத்து, காற்று இல்லாத இடத்தில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை மூச்சுக்கு எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விட்டுவிடும். வாயு மேலே போய்க் காற்றோடு சேரும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதானே, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

ஆக இரண்டு வீடு வேண்டும், ஒன்று காற்றோட்டமானது, இன்னொன்று மூச்சு முட்டுவது. அதுவும் அந்த வரிசையில். ஒரே தொட்டியை வைத்துக்கொண்டு இரண்டையும் எதிர்பார்ப்பதுதான் எல்லோரும் வழுக்கும் இடம் என்று சொன்னேனே, அது இதுதான்.

செப்டிக் டேங்க்லயே பாதி போயிடும்னாங்களே?

திடக்கழிவு நிறையத் தங்கும், பி.ஓ.டி-யில் (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஒரு பகுதி குறையும். நைட்ரஜன் மட்டும் உருவம் மாறுமே தவிர அளவு பெரிதாகக் குறையாது. அம்மோனியம் தண்ணீரில் கரைந்திருப்பது, அடியில் படியாது.

வேர் வழியா செடி ஆக்சிஜன் குடுக்கும்னு படிச்சேன். கிடைப்படுகையிலேயே அம்மோனியா போயிடணுமே?

கொடுக்கும், கொஞ்சமாக. ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் கிக்கூத் என்ற ஆய்வாளர் இந்த வேர்முறையைப் பரப்பியபோது இருந்த நம்பிக்கையும் இதேதான். கட்டி ஓட்டிப் பார்த்தபோது அந்த அளவு ஆக்சிஜன் கிடைக்கவில்லை.

1 கிராம் அம்மோனியா-நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஐந்து பேர் வீட்டின் 50 கிராமுக்கு நாளுக்கு 228 கிராம். கிடைப்படுகைக்குள் போகும் ஆக்சிஜன் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சில கிராம்தான். தாராளமாக 5 கிராம் என்றே வைத்தாலும் 15 சதுர மீட்டருக்கு 75 கிராம். அதிலும் முதல் பந்தி நைட்ரஜனுக்கு இல்லை. அழுக்கைத் தின்னும் பாக்டீரியா வேகமாகப் பெருகுகிறவை, அவை உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் அம்மோனியா தின்னுபவற்றுக்கு. கிடைப்படுகையில் தெளிந்த தண்ணீர் வரும், அம்மோனியா பெரும்பாலும் அப்படியே வரும்.

அப்ப செடியே வேணாமா, வெறும் ஜல்லி போதுமா?

அப்படிச் சொல்லவில்லை. வேர் ஜல்லியில் அடைப்பு விழாமல் பார்த்துக்கொள்ளும், பாக்டீரியா ஒட்ட இடம் கொடுக்கும், உதிரும் வேரும் இலையும் நைட்ரேட் தின்னும் கூட்டத்துக்கு உணவாகும். அப்புறம் இன்னொன்று, செடி இருந்தால் வீட்டுக்காரர் தினமும் போய்ப் பார்ப்பார். வெறும் ஜல்லித் தொட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, கெட்டுப்போனதும் தெரிவதில்லை.

செங்குத்துப் படுகை போட்டா பிரச்சினை தீர்ந்துதா?

பாதி தீர்ந்தது. ஒரு நாளின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடாமல் நான்கைந்து தவணையாகப் பம்பு வைத்தோ சைஃபன் வைத்தோ ஒரே மூச்சில் ஊற்றினால், தண்ணீர் இறங்கும்போது பின்னாலேயே காற்றை இழுத்துக்கொண்டு போகும். கிடைப்படுகையைப் போலப் பல மடங்கு ஆக்சிஜன் கிடைக்கும், அம்மோனியா பெருமளவு நைட்ரேட்டாகிவிடும். ஆனால் படுகை முழுக்கக் காற்றோட்டமாக இருப்பதால் இரண்டாவது கூட்டத்துக்கு வீடில்லை. நைட்ரேட் அப்படியே வெளியே வரும்.

லேப் ரிப்போர்ட்ல அம்மோனியா கிட்டத்தட்ட பூஜ்யம். அப்ப நைட்ரஜன் எல்லாம் போயிடுச்சுதானே?

ஒரு விடுதியில் இதே சந்தோஷத்தில் எனக்கு இனிப்பு கொடுத்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா இருந்தது, பி.ஓ.டி இருந்தது, நைட்ரேட் என்ற வரியே இல்லை, யாரும் கேட்கவில்லை, லேபும் பார்க்கவில்லை. மறுபடி கொடுத்துப் பார்த்தால் நைட்ரேட்-நைட்ரஜன் (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும்) லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி இருந்தது. உள்ளே போனதில் பெரும்பகுதி வேறு பெயரில் வெளியே வந்துகொண்டிருந்தது. இனிப்பை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன், என்ன செய்ய.

மொத்த நைட்ரஜன் வேண்டுமென்றால் கெல்டால் நைட்ரஜன் (அம்மோனியாவும் கரிமப் பொருளில் உள்ள நைட்ரஜனும் சேர்ந்தது), நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் கேட்டு வாங்கிக் கூட்ட வேண்டும். அம்மோனியா கெல்டாலுக்குள்ளேயே அடங்கும், அதைத் தனியாகக் கூட்டினால் இரட்டைக் கணக்கு. இன்னொரு குழி: சில லேப் 'நைட்ரேட்' என்று தரும், சில 'நைட்ரேட்-நைட்ரஜன்' என்று தரும். முன்னது பின்னதைப் போல 4.43 மடங்கு. குடிநீர் வரம்பான 45 என்பது முழு நைட்ரேட் கணக்கு, நைட்ரஜனாகச் சொன்னால் 10 மில்லிகிராம்தான்.

சரி, முதல்ல கிடைப்படுகை, பின்னாடி செங்குத்துப் படுகை வெச்சா ரெண்டு வீடும் ஆச்சே?

வீடு இரண்டு, வரிசை தப்பு. முதலில் மூச்சு முட்டும் இடத்துக்கு அம்மோனியமாகப் போகிறது, அங்கே அதற்கு வேலை இல்லை. பிறகு காற்றுள்ள இடத்தில் நைட்ரேட் ஆகி வெளியே ஓடிவிடுகிறது. செங்குத்து முதலில், கிடை பிறகு என்று மாற்ற வேண்டும்.

மாற்றினாலும் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரேட் தின்னும் கூட்டத்துக்கு மூச்சுக்கு நைட்ரேட் இருந்தால் போதாது, சாப்பாட்டுக்குக் கரிமப் பொருள் வேண்டும். ஏட்டுக் கணக்கில் 1 கிராம் நைட்ரேட்-நைட்ரஜனுக்கு 2.86 கிராம் ஆக்சிஜன் தேவைக்குச் சமமான அழுக்கு, நடைமுறையில் அதற்கு ஒன்றரை, இரண்டு மடங்கு. செங்குத்துப் படுகை அந்த அழுக்கை எல்லாம் முதலிலேயே சுத்தமாகத் தின்றுவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும், நைட்ரேட்டும் கூடவே வரும்.

அதுக்கு என்ன வழி? சர்க்கரை கலக்கச் சொல்றாங்க.

கலக்கலாம்தான், சில பெரிய நிலையங்களில் மெத்தனால் கூடச் சேர்ப்பார்கள். வீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். சுலபமான வழி, செங்குத்துப் படுகையில் இருந்து வரும் தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்ப செப்டிக் டேங்குக்கே அனுப்புவது. அங்கே காற்று இல்லை, அழுக்கு ஏராளம், நைட்ரேட் தின்னும் கூட்டத்துக்குக் கல்யாணச் சாப்பாடு.

எவ்வளவு அனுப்புகிறோம் என்பதில்தான் விஷயம். வெளியே விடும் அளவுக்குச் சமமாகத் திருப்பினால் அதிகபட்சம் பாதி நைட்ரேட் போகும். இரண்டு மடங்கு திருப்பினால் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று மடங்கென்றால் முக்கால். அதற்கு மேல் போனால் கரண்ட் பில் ஏறும், செப்டிக் டேங்கில் தண்ணீர் ஓட்டம் அதிகமாகிக் கசடு கலங்கும், கூடவே காற்றும் உள்ளே போகும். நான் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்வேன். பம்பு வைக்கப் பிடிக்காதவர்கள் பின்னால் உள்ள கிடைப்படுகையில் ஜல்லியோடு மரச்சில்லு கலந்து வைக்கலாம், மெதுவாக மக்கி உணவு கொடுக்கும். முதல் சில வாரம் தண்ணீர் டீ நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம்.

பிரான்ஸ்ல செப்டிக் டேங்க் இல்லாமலே நேரா படுகையில ஊத்துறாங்களாமே?

ஆமாம், அங்கே கிராமங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மூன்று செங்குத்துப் படுகை வைத்து, ஒன்றில் மூன்று நான்கு நாள் ஊற்றி, ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, முறை மாற்றி ஓட்டுவார்கள். மேலே படியும் கசடு அங்கேயே காய்ந்து மக்கும். அம்மோனியாவுக்கு நன்றாக வேலை செய்யும், நைட்ரேட் கதை மேலே சொன்னதுதான். ஒரே ஒரு நாள் முறை மாற்ற மறந்தால் என்ன வாடை வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்க ஆள் இல்லாத வீட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

எல்லாம் சரியா கட்டினோம், மூணு வாரம் ஆச்சு, அம்மோனியா அப்படியே இருக்கே?

அம்மோனியா தின்னும் பாக்டீரியா மெதுவாகப் பெருகுகிறவை. சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதம் வரை பொறுங்கள். ஏற்கெனவே நன்றாக ஓடும் படுகையிலிருந்து இரண்டு வாளி ஜல்லி கொண்டுவந்து போட்டால் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கும். கழிப்பறைக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் தாராளமாகக் கொட்டுகிற வீடென்றால் எத்தனை மாதம் ஆனாலும் தள்ளாடும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. புதுப் படுகையில், அதுவும் ஜியோலைட் (அம்மோனியத்தைப் பிடித்து வைக்கும் ஒரு வகைக் கல்) போட்டிருந்தால், முதல் மாதமே அம்மோனியா விழுந்துவிடும். அது கல் பிடித்து வைத்தது, பாக்டீரியா தின்றது இல்லை. கல் நிரம்பியதும் ஏறும்.

நல்லா ஓடிட்டிருந்த படுகை, இப்ப அம்மோனியா பாதியிலேயே நின்னுடுது. காத்தும் இருக்கு, அழுக்கும் இல்லை. என்ன காரணம்?

பி.எச் பாருங்கள். அம்மோனியா நைட்ரேட் ஆகும்போது அமிலம் வரும். 1 கிராம் அம்மோனியா-நைட்ரஜனுக்கு 7.14 கிராம் காரத்தன்மை (அமிலத்தை அடக்கும் திறன்) செலவாகும், லிட்டருக்கு 80 மில்லிகிராம் அம்மோனியா-நைட்ரஜன் என்றால் 570 மில்லிகிராம். யூரியா உடையும்போது அதில் பாதி கிடைத்துவிடும், மிச்சத்தைத் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் உள்ள ஊரில் இது பிரச்சினையே இல்லை, நாம் திட்டுகிற தண்ணீர் இங்கே உதவுகிறது. மழைநீர், மலை ஓடைத் தண்ணீர் பயன்படுத்தும் இடங்களில்தான் பி.எச் 6-க்குக் கீழே இறங்கி பாக்டீரியா படுத்துவிடும். படுகை வாயில் ஒரு மூட்டை கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல் ஜல்லியோ போட்டு வையுங்கள். செப்டிக் டேங்குக்குத் திருப்பி அனுப்புகிறவர்களுக்குச் செலவானதில் பாதி அங்கேயே திரும்பக் கிடைக்கும், அது இன்னொரு லாபம்.

மே மாசம் ரிப்போர்ட்ல நைட்ரஜன் ஏறுது, மழைக்காலத்துல குறையுது. படுகை கெட்டுப்போச்சா?

அநேகமாக இல்லை. கோடையில் செடியும் வெயிலும் சேர்ந்து நாளுக்கு 8 மில்லிமீட்டர் தண்ணீர் குடித்தால், 15 சதுர மீட்டரில் 120 லிட்டர் மாயம். 600 லிட்டர் உள்ளே போய் 480 லிட்டர்தான் வெளியே வருகிறது. அதே நைட்ரஜன் குறைந்த தண்ணீரில் இருப்பதால் எண் கால் பங்கு ஏறித் தெரியும். ஐப்பசி மழையில் இதே கணக்கு தலைகீழ். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை லிட்டர் என்பதையும் வாளி வைத்தாவது அளந்து, கிராம் கணக்கில் பாருங்கள்.

ஆக்சிஜனே கொஞ்சமா போதும்னு ஒரு பாக்டீரியா இருக்காமே, அதை வாங்கி விடலாமா?

அனம்மாக்ஸ். அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் சேர்த்து நேராக நைட்ரஜன் வாயு ஆக்கும், கரிமப் பொருளும் தேவையில்லை. எங்கெல்பர்ட் ப்ரோடா என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1977-லேயே காகிதத்தில் சொன்னார், 1990-களில் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் கண்டுபிடித்தார்கள். படுகைகளிலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் நைட்ரைட் அளவோடு நின்றால்தான் அதற்கு வேலை, வீட்டுப் படுகையில் அதைக் கட்டுப்படுத்த முடியாது. பாட்டிலில் விற்பதை வாங்காதீர்கள்.

எங்க தண்ணி முழுக்க தென்னைக்குத்தான் போகுது. இவ்வளவு மெனக்கெடணுமா?

நல்ல கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நெட்டை ரகத் தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, மரத்துக்கு வருடம் 560 கிராம் நைட்ரஜன். உங்கள் வீட்டின் 18 கிலோ 32 மரத்துக்குப் போதும். அத்தனை மரம் இருந்தால் நைட்ரஜனை எடுக்கவே எடுக்காதீர்கள், கிடைப்படுகையோடு நிறுத்திவிட்டு உரச் செலவை மிச்சம் பிடியுங்கள். நாலு மரம்தான் என்றால் அவை குடிக்கப்போவது இரண்டேகால் கிலோவைத் தாண்டாது. மிச்சம் 16 கிலோ உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ போகும். 'தோட்டத்துக்குத்தானே விடுகிறோம்' என்கிற வீடுகளில் பெரும்பாலும் நாலு மரம்தான் இருக்கும்.

இதெல்லாம் இல்லாம சுலபமா ஒரு வழி சொல்லுங்களேன்.

நைட்ரஜனை உள்ளேயே விடாமல் இருப்பது. கழிவுநீரின் அளவில் சிறுநீர் 1 சதவீதம்தான், ஆனால் நைட்ரஜனில் 80 சதவீதம் அதில் இருக்கிறது. திருச்சி பக்கம் முசிறியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறை கட்டி, பயன்படுத்துகிறவர்களுக்குக் காசு கொடுத்ததும் நடந்தது. வீட்டில் பீங்கானை மாற்ற எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் விடுதி, பள்ளி, திருமண மண்டபம் என்றால் ஆண்கள் பக்கத்துச் சிறுநீர்க் குழாயை மட்டும் தனியாக ஒரு மூடிய டேங்குக்குத் திருப்பலாம், ஒரு பிளம்பரின் இரண்டு நாள் வேலை. பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு விடலாம். அந்த இனிப்பு கொடுத்த விடுதியில் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். டேங்க் மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் அம்மோனியா காற்றில் பறந்து பக்கத்து அறைக்காரர் சண்டைக்கு வருவார்.